அச்சிட்ட வினைலில் மை அழிவது ஏன்? கேள்வி பதில்

திருகோணமலையில் ஸ்டிக்கர் அச்சிட்டு ஒட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்டிக் தாளான வினைலில் அச்சிட்ட மை இழுபடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பிரிண்டரின் விலை கேட்டவர்கள் விற்பவர்களையே கேட்பது நல்லது.

கேள்வி (உப்புவெளி): ஐயா, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வினைலில் படம் அச்சிட்டேன். மறுநாளும் விரல் பட்டால் மை இழுபடுகிறது.

பதில்: உங்கள் பிரிண்டரில் இருப்பது நீர் மை, சாதாரண வினைலோ நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக். எத்தனை நாள் உலர்த்தினாலும் மை அதன்மேல் கிடக்குமே தவிரப் பிடித்துக்கொள்ளாது. இங்க்ஜெட்டுக்கென்று மேற்பூச்சிட்ட வினைலை வாங்கி, பூச்சுள்ள பக்கத்தில் அச்சிடுங்கள். நீரில் கரைந்த சாய மையைவிட, நுண்துகள்களாலான நிறமி மை நீரையும் வெயிலையும் நன்கு தாங்கும்.

கேள்வி (மூதூர்): எக்கோ சொல்வன்ட் மையில் அச்சிட்டது தொட்டால் காய்ந்திருக்கிறது. உடனே லமினேசன் போடலாமா?

பதில்: தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. இந்த மையிலுள்ள கரைப்பான் (சொல்வன்ட்) வினைலின் மேற்பரப்பைச் சற்று இளக்கி, நிறமியை அதில் பிடிக்கச் செய்கிறது. பிரிண்டரின் சூடாக்கி மேற்புறத்தை உலர்த்திவிடும். ஆனால் உள்ளே இறங்கிய கரைப்பான் வெளியேறக் குறைந்தது 24 மணி நேரமும், கறுப்பு அடர்ந்த இடங்களில் 48 மணி நேரமும் வேண்டும். அதற்கு முன் லமினேசன் என்ற தெளிந்த படலத்தால் மூடிவிட்டால், போக வழியின்றி அது பின்பக்கப் பசையை இளக்கும்.

தொழிலின் தொடக்கத்தில் நானும் இப்படிக் கெட்டிருக்கிறேன். மீன்பிடி வள்ளமொன்றின் பெயரை இரவில் அச்சிட்டு, அப்போதே லமினேசன் போட்டு, இறுகச் சுருட்டி வைத்தேன். காலையில் விரித்தபோது பெயின்ட் டின்னைத் திறந்ததுபோல் மணம் அடித்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒட்டிச் சில நாட்களில் எழுத்துகளின் ஓரங்கள் வாழைத்தோல்போலச் சுருண்டன. வள்ளக்காரர் நகத்தால் நெம்பியதும், லமினேசனோடு மையும் சேர்ந்து உரிந்து அவர் கையில் வந்தது.

கேள்வி (நிலாவெளி): நாளைக் காலை ஒட்டவேண்டிய வேலை. இன்றிரவே லமினேசன் போடலாமா?

பதில்: மேலுள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கிண்ணியா): அண்ணா, எனக்கு உடன்பாடில்லை. மாரிகாலத்து ஈரம்தான் காரணம். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மாலையில் அச்சிட்டு மறுநாள் காலையே ஒட்டுகிறேன். ஒரு குறையும் வந்ததில்லை.

பதில்: தம்பி, நீங்கள் கண்டது சரி, சொல்லும் காரணம் பிழை. நீர் மைக்கு ஈரம் பெரிய எதிரி. கரைப்பான் மைக்கு அவ்வளவு இல்லை. கச்சான் காலத்தில் கடையின் கதவும் யன்னலும் திறந்திருக்கும், சூடும் காற்றோட்டமும் இருக்கும். வாடை தொடங்கிச் சாரல் உள்ளே அடித்தாலோ எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் குளிரூட்டியைப் போடுகிறோம். கரைப்பானின் ஆவி காற்றைவிடப் பாரமானது. அடைத்த அறையில், சுருட்டிய ரோலின் சுற்றுகளுக்குள் அது அப்படியே தங்கிவிடும்.

கேள்வி (கிண்ணியா): யன்னலைத் திறந்தால் ஈரம் வந்து வினைலின் பின்தாள் நெளிகிறதே?

பதில்: நெளியும், ஒப்புக்கொள்கிறேன். பின்தாள் கடதாசியாதலால் ஈரத்தை இழுக்கும். நெளிந்த இடத்தில் பிரிண்டரின் தலை உரசி மையைத் தேய்த்துவிடவும் கூடும். அந்த மட்டில் வழக்கு உங்கள் பக்கம். ஆனால் அது அச்சிடும்போது வரும் கோளாறு. நாம் பேசுவது அச்சிட்ட பின் உலர்வதைப் பற்றி. யன்னலைத் திறக்காமலே, ரோலைத் தளர்வாகச் சுருட்டி நிமிர்த்தி வைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். ஆவியை வெளியே தள்ளும் விசிறியைச் சுவரில் தாழ்வாகப் பொருத்துங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): நானும் கிண்ணியா நண்பரின் பக்கம்தான். எங்களுக்கும் மார்கழியில்தான் இந்தத் தொல்லை.

பதில்: அப்படியானால் இருவரும் இதைச் செய்யுங்கள். ஒரே அச்சை இரண்டாக வெட்டி, ஒன்றை இறுகச் சுருட்டியும் மற்றதை விசிறியின் முன் தொங்கவிட்டும் ஒரு நாள் வையுங்கள். அறையும் ஒன்று, ஈரமும் ஒன்று. பிறகு இரண்டையும் முகர்ந்து பாருங்கள்.

கேள்வி (சீனக்குடா): யூவி மையில் அச்சிட்டது நகம் பட்டால் ஒட்டுகிறது.

பதில்: அந்த மை புறஊதா (யூவி) விளக்கொளியில் உடனே இறுக வேண்டியது. விளக்கு வலுவிழந்திருக்கலாம், அல்லது அச்சிடும் வேகம் அதிகம்.

கேள்வி (தோப்பூர்): முச்சக்கரவண்டி ஸ்டிக்கரில் பட்ட தாரைப் பெற்றோலால் துடைத்தேன். படமும் வந்துவிட்டது.

பதில்: பெற்றோலும் தின்னரும் மையைக் கரைக்கும். அன்றாட அழுக்குக்குச் சவர்க்கார நீரும் மென்துணியும் போதும். போன படத்துக்கு மருந்தில்லை; புதிதாக அச்சிடுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): லமினேசனுக்கு முன் எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும், ஐயா?

பதில்: 24. கறுப்பு அடர்ந்திருந்தால் 48. இதே கேள்வி இன்று மூன்றாவது முறை வருகிறது.

கேள்வி (கிண்ணியா): இன்றிரவே வெட்டி வைக்கிறேன், அண்ணா. தோற்றால் இங்கேயே ஒப்புக்கொள்வேன்.

பதில்: நல்லது, தம்பி. முகரும்போது பிரிண்டர் இருக்கும் அறையில் நிற்காமல் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே எல்லாமே மணக்கும்.