நேர்கோட்டில் மரம் நட்டவரெல்லாம் லெ நோத்ர் ஆகிவிட முடியுமா?

"மரத்தைக் கத்தரித்து நேர்கோட்டில் நட்டதற்கா ஆந்த்ரே லெ நோத்ரை மேதை என்கிறார்கள்?" என்று, 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தோட்ட வடிவமைப்பாளரான அவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் தோட்டம் அமைத்த வெர்சாய் அரண்மனையின் ஜன்னலில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. சுற்றுலாக்காரர்கள் தோட்டத்துக்கு ஒதுக்குவது அவ்வளவு நேரம்தான்.

தோட்டம் வடிவமைத்துப் பிழைப்பவன் நான். அதனால் தூக்கிப் பிடிக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாரிசுக்குத் தென்கிழக்கே அவர் அமைத்த வோ-லெ-விகோந்த் மாளிகைத் தோட்டத்தில் ஒருமுறை நடந்துவிட்டுப் பேசுங்கள். மாளிகைப் படியில் நின்றபோது தோட்டம் முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிட்டது. கோடியில் ஒரு சதுரக் குளம், அதை ஒட்டினாற்போல் குகை மாடங்கள். இதோ வந்துவிட்டது என்று நடந்தேன். குளத்தைத் தாண்டியதும் தரை சட்டென்று இறங்கியது. கீழே, குறுக்கே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்! மாடங்கள் இருப்பதோ அக்கரையில். படியிலிருந்து பார்த்தபோது கால்வாயின் சுவடே இல்லை. தொலைவில் உள்ளவை சிறுத்துத் தெரியும் என்பதால், தள்ளிப் போகப் போகக் குளங்களைப் பெரிதாக்கியிருக்கிறார் மனிதர். இளமையில் சிமோன் வூவே என்ற ஓவியரிடம் பயின்றது வீண்போகவில்லை.

தோட்டத்தின் சொந்தக்காரர் நிதி அமைச்சர் ஃபூக்கே. 1661 ஆகஸ்ட் 17 அன்று 14ஆம் லூயி மன்னருக்கு அங்கே விருந்து வைத்தார். மூன்று வாரத்துக்குள் கைதானார். ஆரஞ்சு மரங்களைக்கூட விடாமல் அள்ளிச் சென்ற மன்னர், லெ நோத்ரையும் வெர்சாய் வேலையில் இறக்கினார்.

மன்னராட்சிக்கு வால் பிடிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெர்சாய் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதாமல், மன்னர் நெருங்கும்போது விசில் அடித்துத் திறந்து, அவர் நகர்ந்ததும் மூடினார்கள். அதற்காக எர் நதியைத் திருப்பக் கால்வாய் வெட்டிய படைவீரர்கள் பலர் காய்ச்சலில் மடிந்தார்கள். வேலையும் பாதியில் நின்றது. அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பாரிசின் துய்லெரி தோட்டத்திலிருந்து மேற்கே லெ நோத்ர் இழுத்த மரச்சாலைதான் அந்நகரின் புகழ்பெற்ற இன்றைய ஷான்ஸெலிஸே சாலை. தோட்டக்காரர் போட்ட கோட்டில் ஒரு நகரமே வளர்ந்தது.

1675இல் மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டமே கொடுத்தார். எங்களை இன்று எப்போது கூப்பிடுகிறார்கள் தெரியுமா? கட்டடம் முடிந்து, பணமும் தீர்ந்த பிறகு, "மிச்ச இடத்தில் பச்சையாக ஏதாவது வையுங்கள்" என்று. போன வருடம் நான் செய்த ஒரு வளாகத்தின் திறப்புவிழாக் கல்வெட்டில் மின்பணி ஒப்பந்ததாரர் வரை எல்லார் பெயரும் இருந்தது, என் பெயரைத் தவிர. பாக்கிப் பணமும் இன்னும் வரவில்லை.