கேப்டனை எப்போது எழுப்புவது?

அன்புள்ள சார்,

கடற்படையில் சேர்ந்து பதினெட்டு மாதம் ஆகிறது. சப்-லெஃப்டினன்ட். தனியாக வாட்ச் நிற்க, அதாவது குறிப்பிட்ட மணிநேரம் கப்பலைப் பொறுப்பேற்று நடத்த, தகுதி கிடைத்து ஆறு வாரம்தான். சென்ற வாரம் ஒரே இரவில் மூன்று முறை கேப்டனுக்குப் போன் செய்தேன். மூன்றுமே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மறுநாளிலிருந்து அதிகாரிகள் கூடும் வார்ட்ரூமில் எனக்கு ‘அலாரம்’ என்று பெயர். என் பிரிவில் எனக்குக் கீழே வேலை செய்யும் மூத்த மாலுமியான சீஃப் பெட்டி ஆஃபீசருக்குக் கிட்டத்தட்ட என் வயசு சர்வீஸ். அவருக்கு உத்தரவு போடும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கிறது. தலைமைப் பண்பு பற்றி ஐந்தாறு புத்தகம் படித்தேன். கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. இன்னும் என்ன படிக்கலாம்?

ர.

அன்புள்ள ர,

புத்தகப் பட்டியல் தரப்போவதில்லை. ஐந்தாறு போதும், கொஞ்ச நாளைக்கு. உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் அந்த மூன்று போன்தான். அதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் வயதில் எனக்கு ஒரு மிடில் வாட்ச். இரவு பன்னிரண்டிலிருந்து நாலு. வலது பக்கம் ஒரு வெளிச்சம். பேரிங், அதாவது அது இருக்கும் திசையின் கோணம், எடுத்தேன், 042. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தேன், 042. தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பேரிங் மாறாமல் தூரம் குறைந்தால் மோதல் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 1972 சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் இருப்பதுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். வலது பக்கமிருந்து குறுக்கே வருகிற கப்பலுக்கு வழிவிட வேண்டியவனும் நான்தான். என்ன செய்தேன் தெரியுமா? பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். போனை எடுத்து, வைத்தேன். என்ன சொல்லி எழுப்புவது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கூப்பிட்டேன். கேப்டன் வந்தார், கப்பலை வலப்புறம் திருப்பச் சொன்னார், அந்த வெளிச்சம் இடப்பக்கமாக விலகிப் போகும் வரை பேசாமல் நின்றார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டார்: “உனக்கு எப்போ சந்தேகம் வந்தது?”

“பதினைந்து நிமிஷம் முன்னாடி, சார்.”

“அந்தப் பதினைந்து நிமிஷம் நான் ஏன் தூங்கிக்கிட்டு இருந்தேன்?”

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

2017 ஜூன் 17 நள்ளிரவு தாண்டி, ஜப்பான் கரைக்கு அப்பால், அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியது. கீழ்த்தளத்தில் படுத்திருந்த ஏழு மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் தன் அறையில் தூக்கத்தில் இருந்தார். மற்ற கப்பல்கள் இவ்வளவு நெருங்கினால் என்னை எழுப்ப வேண்டும் என்பது அவருடைய நிரந்தர உத்தரவு. வாட்சில் இருந்த இளம் அதிகாரி எழுப்பவில்லை. விசாரணையில் வேறு குறைகளும் நிறைய வெளிவந்தன. பிரிட்ஜில் இருந்தவர்களும் கீழே ரேடார் பார்த்தவர்களும் ஒருவருக்கொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. அதற்கெல்லாம் முன்பு, 2003-இல், புது அதிகாரிகளுக்குக் கரையில் நடந்த பல மாத ஆரம்பப் பயிற்சியை எடுத்துவிட்டு, குறுந்தட்டுகளைக் கையில் கொடுத்துக் கப்பலுக்கு அனுப்பும் வழக்கத்தை அந்தக் கடற்படை கொண்டுவந்திருந்தது. அதனால் எல்லாப் பழியையும் அந்த இளம் அதிகாரியின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் அந்தப் போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கூச்சம் சின்னவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 1893 ஜூன் 22, இன்றைய லெபனானில் உள்ள திரிபோலிக்கு அருகே பிரிட்டிஷ் கப்பற்படை இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நோக்கித் திரும்ப வேண்டும் என்று அட்மிரல் டிரையன் முடிவு செய்தார். ஒவ்வொரு கப்பலும் திரும்பச் சுமார் 800 கெஜம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 1,600. வரிசைகளுக்கு நடுவே அவர் சொன்ன இடைவெளி ஆறு கேபிள், அதாவது 1,200 கெஜம். பள்ளிக்கூடக் கணக்குதான். எட்டாவது வேண்டும் என்று முன்பே ஒரு அதிகாரி சொல்லியிருந்தார், அட்மிரலும் தலையாட்டினார், ஆனால் கொடியில் ஏறியது ஆறு. இரண்டாவது வரிசையின் தலைவரான மார்க்கம் தயங்கினார். “எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?” என்று சிக்னல் வந்தது. பெரியவர் ஏதோ யோசித்துத்தான் சொல்கிறார் என்று அவரும் திரும்பிவிட்டார். அவருடைய கப்பல் கேம்பர்டவுன் முட்டியதில் டிரையனின் கப்பல் விக்டோரியா மூழ்கியது. டிரையனோடு சேர்த்து 358 பேர் போனார்கள். இவ்வளவுக்கும் மார்க்கமும் ஒரு ரியர் அட்மிரல்.

அதனால் ‘அலாரம்’ என்ற பெயரை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பெயர்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். போனில் என்ன சொன்னீர்கள்? “சார், ஒரு கப்பல் வருது, என்ன செய்யட்டும்?” என்றா? அப்படியானால் மாற்ற வேண்டியது அதைத்தான். “சார், வலது பக்கம் ஒரு கப்பல், ஆறு மைல், பேரிங் மாறலை. நான் வலப்புறம் திருப்பி அதுக்குப் பின்னால போகப் போறேன்.” இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் போனைத் தொடும் முன்பே நீங்கள் முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த முடிவு தப்பாக இருந்தால் கேப்டன் திருத்துவார், அவர் அதற்குத்தான் இருக்கிறார். சரியாக இருந்தால் “சரி, செய்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். மேலே ஏறி வரமாட்டார். வராத முதல் இரவு உங்களுக்கே தெரியும்.

படிக்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் கப்பலைப் படியுங்கள். முழு வேகத்தில் எஞ்சினை நிறுத்தினால் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும், எந்த வேகத்தில் எவ்வளவு வட்டத்தில் திரும்பும். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, ஒவ்வொரு வாட்ச் முடிந்ததும் நாலு வரி. நான் அதைத் தாமதமாகத்தான் ஆரம்பித்தேன்.

சீஃப் விஷயம். அவரிடம் அதிகாரக் குரல் வேண்டாம், தோளில் கைபோட்டுப் பேசும் நண்பர் வேஷமும் வேண்டாம். அவருக்கு இரண்டுமே பழசு. முடிவெடுக்கும் முன்பு, மற்றவர்கள் இல்லாத இடத்தில், “சீஃப், இதை எப்படிச் செய்வீங்க?” என்று கேளுங்கள். கேட்டபடியே செய்ய வேண்டும் என்றில்லை. செய்யாவிட்டால் ஏன் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் தவறு நேர்ந்தால் கேப்டன் முன்னால் நிற்பது நீங்கள், அவர் அல்ல. ஒரு தடவை அப்படி நின்றுவிட்டால் குரல் பிரச்சினை தானாகத் தீரும். அவருடைய பாஷையையும் கற்றுக்கொள்ள வேண்டும். என் சீஃப் “சார், இன்னொரு தடவை பாத்துடலாமா?” என்று மெதுவாகக் கேட்டால், நான் செய்தது முழுத் தப்பு என்று அர்த்தம். அது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

தப்பு பற்றிய பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 1908-இல் 23 வயது அதிகாரி ஒருவர் டிகேட்டர் என்ற நாசகாரிக் கப்பலைப் பிலிப்பைன்ஸில் தரைதட்ட வைத்தார். ராணுவ நீதிமன்றம், கண்டனம், எல்லாம் நடந்தது. செஸ்டர் நிமிட்ஸ். 1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது அமெரிக்கா சார்பில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

அந்த மூன்று போனுக்கும் சந்தேகம் வந்த நேரம் என்ன, போனை எடுத்த நேரம் என்ன என்று நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.