வாராவாரம் தோற்கும் கல்லூரி அணியை ஏன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் சற்று எரிச்சலோடுதான் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் படித்த அவருடைய அண்ணன், தன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி தோற்ற நாளில் வீட்டில் இழவு விழுந்ததுபோல் உட்கார்ந்திருக்கிறாராம். "தோற்கிற அணி என்று தெரிந்த பிறகும் ஏன் பார்க்க வேண்டும், பேசாமல் வேறு வேலையைப் பார்க்கலாமே" என்கிறார். அந்த அண்ணனுக்காக நான் பதில் சொல்கிறேன். எனக்கும் அதே வியாதி.

என் அணி நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி. 2018 ஆகஸ்டில் முதுகலை படிக்க லிங்கன் நகருக்குப் போய் இறங்கினேன். அதற்கு முன் அமெரிக்க ஃபுட்பாலை நான் ஒரு முறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்ளும் விளையாட்டு என்ற அளவில்தான் தெரியும். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற சோள விவசாயி. அவருடைய அப்பா காலத்திலிருந்து குடும்பத்துக்கு இரண்டு சீசன் டிக்கெட் உண்டு. மனைவிக்கு முழங்கால் வலி வந்த பிறகு இரண்டாவது இருக்கை காலி. ஒரு சிவப்புச் சட்டையைக் கொடுத்து, "போட்டுக்கொள், வா" என்றார்.

செப்டம்பர் 1, 2018. மெமோரியல் ஸ்டேடியம். புதிய பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட்டின் முதல் ஆட்டம், எதிரணி ஆக்ரன். தொடக்க உதை நடந்தது. எண்பத்தைந்தாயிரம் பேர் போட்ட கூச்சலில் என் காது அடைத்துக்கொண்டது. உடனே வானில் மின்னல். எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம்; ஆட்டம் ரத்தாகிவிட்டது. என் ரசிக வாழ்க்கையின் முதல் ஆட்டம் ஒரே ஓர் உதை. பெரியவர் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டே, "பரவாயில்லை, தோற்கவில்லையே" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு வரிசையாக ஆறு தோல்வி. பள்ளியின் வரலாற்றிலேயே இல்லாத 0-6 தொடக்கம். முந்தைய ஆண்டின் கடைசித் தோல்விகளையும் சேர்த்தால் தொடர்ந்து பத்து.

இது ஏன் இவ்வளவு வலித்தது என்று புரிய அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தில் தொழில்முறை ஃபுட்பாலான என்எஃப்எல் அணி கிடையாது, கூடைப்பந்தின் என்பிஏ அணி கிடையாது, பெரிய பேஸ்பால் லீக் அணியும் கிடையாது. சோளமும் மாடும் இந்த அணியும்தான். அணியின் பெயரே சோளம் உரிப்பவர்கள். ஆட்ட நாளில் அந்த அரங்கம் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்று சொல்வார்கள். ஜம்பத்துக்குச் சொல்வதில்லை, ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்த ஊரின் மக்கள்தொகை உண்மையிலேயே அதைவிடக் குறைவு. 1962 நவம்பர் முதல் அங்கே ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. 1970, 1971, 1994, 1995, 1997 என ஐந்து தேசியப் பட்டங்கள். டாம் ஆஸ்போர்ன் என்ற பயிற்சியாளர் 25 ஆண்டுகளில் 255 வெற்றி பெற்றுத் தந்தார். ஓய்வுபெற்ற பிறகு அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள்.

இந்தப் பெருமைதான் வினை. 2003இல் ஃப்ராங்க் சோலிச் என்ற பயிற்சியாளர் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வியோடு நின்றபோது வேலையைவிட்டு நீக்கினார்கள். 2014இல் போ பெலினிக்கும் அதே கதி. ஏழு ஆண்டுகளும் ஒன்பது வெற்றிக்குக் குறையாதவர் அவர். ஒன்பது போதாது என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்த ஊர், பிறகு நான்கு வெற்றிக்கும் ஐந்து வெற்றிக்கும் பந்தியில் காத்திருந்தது. இதை அங்கே உரக்கச் சொன்னால் அடி விழும். ஆனால் பெரியவரே ஒரு முறை காரில் சொன்னார், சோலிச்சை அனுப்பியபோது தானும் கைதட்டினேன் என்று.

ஃப்ராஸ்ட் அந்த மண்ணின் பிள்ளை. வுட் ரிவர் என்ற சிற்றூர்க்காரர். 1997இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர். 2017இல் மத்திய ஃப்ளோரிடா அணியைத் தோல்வியே இல்லாமல் 13-0 என்று நடத்திவிட்டு ஊர் திரும்பினார். வெளியூர்க்காரர் தோற்றால் திட்டலாம், அனுப்பலாம், மறக்கலாம். வீட்டுப் பிள்ளை தோற்றால் என்ன செய்வது? நான்கு ஆண்டுகள் ஊர் அவரைத் திட்டவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தது.

உங்கள் அண்ணனின் கோபத்துக்குள் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் கோபத்துக்குள் 2021 இருக்கிறது. அந்த ஆண்டு மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. இதைக் கேட்டால் மோசமான அணி என்று தோன்றும். ஒன்பது தோல்விகளின் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள்: 8, 7, 3, 3, 7, 5, 9, 7, 7. ஒன்றுகூட இரட்டை இலக்கம் இல்லை. வென்ற மூன்றையும் சேர்த்துக் கூட்டினால், அந்த ஆண்டு முழுவதும் எதிரணிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்த அணி அது. பலசரக்குக் கடைக்காரர் வரவு மிஞ்சிக் கடையை மூடிய கதை.

மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன், மற்றவற்றை நினைத்தால் ரத்த அழுத்தம் ஏறும். இரண்டாம் பாதி முழுவதும் எதிரணியை நம் தடுப்பாட்டக்காரர்கள் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பத்து யார்டு முன்னேறினால் கிடைக்கும் புது வாய்ப்பு) எடுக்க விடவில்லை. ஆட்டம் முடிய நான்கு நிமிடம்கூட இல்லை, 20-13 என்று நாம் முன்னால். பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பெயர் பன்ட். வலப்பக்கம் உதைப்பதாகத் திட்டம். தடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் வலப்பக்கம் ஓடினார்கள். பந்து இடப்பக்கம் போனது. அங்கே எதிரணிக்காரர் ஒருவர் மட்டும் நின்றிருந்தார். 62 யார்டு, யாரும் தொடவில்லை, சமன். கூடுதல் நேரத்தில் தோல்வி. நவம்பரில் அயோவாவோடு 21-6 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, ஒரு பன்ட் தடுக்கப்பட்டு, 28-21 என்று தோற்றோம். மீண்டும் பன்ட்!

ஐம்பது புள்ளியில் தோற்கும் அணியின் ரசிகருக்கு ஒரு விடுதலை உண்டு. 1979 முதல் 1982 வரை நார்த்வெஸ்டர்ன் தொடர்ந்து 34 ஆட்டம் தோற்றது. தோல்விச் சாதனையை முறியடித்த நாளில் அதன் மாணவர்கள், நாங்கள்தான் மகா மட்டம் என்று கோஷம் போட்டு கோல் கம்பத்தைச் சாய்த்தார்கள். கடைசியில் ஜெயித்தபோது கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் மிச்சிகன் ஏரியிலேயே போட்டுவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமை. தோல்வி உறுதி என்றால் கேலி செய்யலாம், பாட்டுப் பாடலாம், பாதியில் எழுந்து சாப்பிடப் போகலாம். ஏழு புள்ளியில் தோற்கிறவன் கடைசி நிமிடம்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நம்பிக்கை வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறது, போ என்றாலும் போவதில்லை. ஃப்ராஸ்ட்டின் காலத்தில் ஒரு டச்டவுனுக்குள், அதாவது எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள், முடிந்த ஆட்டங்களில் வெற்றி 5, தோல்வி 22. இருபத்திரண்டு முறை அந்த விருந்தாளியை நான் உபசரித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இந்த விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை இரவு நான் பேசும்போது ஊரில் ஞாயிறு காலை. நான் "அம்மா" என்று சொல்லும் தொனியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். "இந்த வாரமும் போயிற்றா?" என்பாள். பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம்.

கத்தினேனா என்றால், கத்தியிருக்கிறேன். தொலைக்காட்சியைப் பார்த்து, வாயில் வரக்கூடாத சொற்களில். ஒரு திங்கட்கிழமை அது நின்றது. நான் ஆய்வக உதவியாளராக இருந்த வகுப்பில் அணியின் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் படித்தார். சனிக்கிழமை அவர் பந்தைத் தவறவிட்டபோது நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவர் மணிக்கட்டில் கட்டோடு வந்து, ஒப்படைப்பை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது கணக்கில் சந்தேகம் கேட்டார். பத்தொன்பது வயதுப் பையன், முகத்தில் பரு. நான் விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை, மறுபடி விளக்கினேன். அதன் பிறகு என் வசவு எல்லாம் பயிற்சியாளர்களுக்கு மட்டும்தான். அவர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்குகிறார்கள், தாங்கிக்கொள்வார்கள்.

முடிவு 2022இல் வந்தது. டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு 28-17 என்று முன்னால் இருந்தபோது, எதிர்பாராத நேரத்தில் பந்தைக் கிட்டத்தில் உதைத்துத் தாமே பிடிக்கும் ஆன்சைட் கிக் தந்திரத்தை முயன்றார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டமும் போனது, 31-28. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, சொந்த அரங்கில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42. சொந்த மண்ணில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டங்களில் அதுவரை ஒன்றில்கூடத் தோற்றதில்லை.

அன்று நான் பெரியவர் பக்கத்தில் இருந்தேன். அதற்குள் ஒமாஹாவில் வேலை கிடைத்து, ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு வருவேன். 36 விநாடி மீதமிருக்கும்போது எதிரணி டச்டவுன் போட்டது. எங்கள் வரிசையில் ஒருவர் சிவப்புச் சட்டையைக் கழற்றி இருக்கையிலேயே போட்டுவிட்டு வெறும் பனியனோடு வெளியேறினார். ஆட்டம் முடிந்ததும் பெரியவர் எழுந்து நின்று, வெளியேறும் எதிரணிக்குக் கைதட்டினார். அது அங்கே பழைய வழக்கம். அரங்க வாசலில் இந்தக் கதவுகளின் வழியே கல்லூரி ஃபுட்பாலின் மகத்தான ரசிகர்கள் செல்கிறார்கள் என்று பொறித்திருக்கிறது, அந்தப் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். கை தட்டிக்கொண்டிருந்தது, தாடை இறுகியிருந்தது.

மறுநாள் ஃப்ராஸ்ட்டை நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். இருபது நாள் காத்திருக்க முடியவில்லை. ரசிகர்களின் பொறுமைக்கு யாராவது விலை கேட்டால் நான் 75 லட்சம் டாலர் என்று சொல்வேன்.

அந்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. முதல் புள்ளி விழுந்ததும் அரங்கம் முழுக்கச் சிவப்பு பலூன்களைப் பறக்கவிடுவது நெடுநாள் வழக்கம். ஹீலியம் தட்டுப்பாடு என்று நிறுத்திவிட்டார்கள். காற்றும் போயிற்று என்று பேசிக்கொண்டோம்.

நடுவில் ஒரு நல்ல நாளும் உண்டு, 2023 ஆகஸ்ட் 30. அதே அரங்கின் நடுவே வலை கட்டி, பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் அணி ஆடியது. பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். பெரியவரின் மனைவி முழங்கால் வலியோடு வந்தார். "ஜெயிக்கிற அணி என்றால் நானும் வருவேன்" என்றார்.

2023இல் புதிய பயிற்சியாளர் மேட் ரூல் வந்தார். ஐந்து வெற்றிக்குப் பிறகு ஒரே ஒரு வெற்றி போதும், ஆண்டு இறுதி பவுல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்துவிடும். வரிசையாக நான்கு தோல்வி. 2024இலும் ஐந்து வெற்றி வந்த பிறகு நான்கு தோல்வி. நவம்பர் 23 அன்று விஸ்கான்சினை 44-25 என்று வென்றபோது, 2016க்குப் பிறகு முதல் முறையாகத் தகுதி பெற்றோம். மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். ஒரு காலத்தில் ஒன்பதாவது வெற்றியை அலட்சியம் செய்த ஊர் ஆறாவது வெற்றிக்கு அழுதது. நானும் அழுதேன் என்பதை இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

ஆறு நாள் கழித்து அயோவா. அயோவாவைப் பற்றி ஒரு விவரம்: 2018, 2019, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர்கள் எங்களைக் கடைசி விநாடி ஃபீல்ட் கோலில்தான் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) வென்றிருந்தார்கள். 2023இன் கணக்கு 13-10. இந்த முறை ஆட்டம் அவர்கள் ஊரில். நன்றி கூறும் நாளின் மிச்ச வான்கோழியைச் சாப்பிட்டுக்கொண்டு பெரியவர் வீட்டில் பார்த்தோம். 10-10. கடைசி நேரத்தில் நம் ஆள் பந்தை நழுவவிட்டார். 53 யார்டு தூரத்தில் அயோவாவின் உதைப்பவர் வந்து நின்றார்.

பெரியவர் எழுந்து சமையலறைக்குப் போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். குழாய்ச் சத்தத்துக்கு மேல், "உள்ளே போயிற்றா?" என்று கேட்டார்.

"போயிற்று."

"பதின்மூன்றுக்குப் பத்தா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் ஓடியது. அடுத்த சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும்போது பாதியை நான் தருகிறேன் என்றேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் கிடந்த என் தொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார்.