பழைய படங்களில் முத்தத்துக்குப் பதில் இரண்டு பூக்கள் உரசிக்கொள்வது ஏன்? தணிக்கைத் தடைதான் காரணமா?

தடை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்தியப் படங்களில் முத்தம் ஆரம்பத்திலேயே இருந்தது. 1933-இல் வந்த ‘கர்மா’வில் தேவிகா ராணியும் ஹிமான்ஷு ராயும் முத்தமிடுவார்கள்; இருவரும் நிஜத்திலும் கணவன் மனைவி. சுதந்திரத்துக்குப் பிறகுதான் தணிக்கையின் பிடி இறுகியது. கதைக்குத் தேவையென்றால் முத்தத்தை வெட்டக் கூடாது என்று திரைப்படத் தணிக்கையை ஆராய அரசு அமைத்த கோஸ்லா குழு 1969-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் நம் இயக்குநர்கள் பூக்களையே பிடித்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு படம் பார்க்க வருபவர்கள் நெளிவார்களே என்ற தயக்கம் பெரிது.

எனக்கு முத்தம் இல்லாதது குறையாகவே படவில்லை. கேமரா பூவுக்குத் தாவும்போது அந்தப் பெண்ணின் முகம் நம் கண்ணிலிருந்து போய்விடுகிறதே, அதுதான் வருத்தம். அவளுக்கு விருப்பமா, பயமா, எதுவும் தெரியாது. ‘மௌன ராகம்’ (1986) இதை நேராகப் பேசியது. தாலி கட்டிய கணவனே ஆனாலும் அவன் தொடுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று திவ்யா வாய்விட்டுச் சொல்கிறாள். அவனும் விலகி நின்று காத்திருக்கிறான். முதலிரவு என்றாலே பால் செம்பும் அணையும் விளக்கும்தான் என்றிருந்த திரையில் அது எவ்வளவு பெரிய விஷயம்!