அந்த நாலு வெற்றுத் தாளும் இப்போது எங்கே?

கேள்வி: அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த 3 ஏக்கர் வயல் படுவான்கரையில் இருக்கிறது. பக்கத்து வயல்காரர் வரம்பை வெட்டி உள்ளே வந்துவிட்டார். நாலு வருடத்துக்கு முன் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். கணவர் கட்டாரில் இருப்பதால் அண்ணாதான் எல்லா அலுவலும் பார்த்தார். லோயரை நான் நேரில் கண்டதில்லை. காசும் அண்ணா கையால்தான் போனது, நான் கையெழுத்து வைத்த நாலு வெற்றுத் தாளையும் அவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். போன மாதம் அந்த வயல்காரரின் மனைவி சந்தையில் வைத்து, "உங்கட கேஸ் தள்ளுபடியாகி எவ்வளவு நாளாச்சு, தெரியாதா?" என்று சிரித்தாள். வழக்கை விசாரிக்கும் விளக்கத்தன்று எங்கள் லோயர் போகவே இல்லையாம். அவரைப் பற்றி எங்கே முறைப்பாடு செய்வது? அண்ணாவோ, "நம்மட குடும்பத்து லோயர், பேசாம இரு" என்கிறார்.
— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்:

தங்கச்சி, லோயர் ஏமாற்றிவிட்டார் என்ற கடிதம் எனக்குப் புதிதில்லை. முறைப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நாலு தாள்.

கடிதம் முழுக்க லோயரைத் திட்டிவிட்டு, நடுவில் காசுக் கதையோடு சேர்த்து அரை வரியில் அதைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எழுதும்போது உங்கள் கை நடுங்கவில்லையா? தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வைத்து யாரிடமாவது கொடுப்பீர்களா? கணவர் வெயிலில் நின்று உழைத்து அனுப்பும் காசுக்குக் காட்டும் கவனம் தாய் தந்த வயலுக்கு இல்லாமல் போனது எப்படி?

ஒரு தாள் பிறொக்சியாக, அதாவது அவரை உங்கள் லோயராக நியமிக்கும் பத்திரமாகப் போயிருக்கும். அதை வைத்துத்தான் அவர் உங்கள் பெயரில் வழக்குப் பேசுகிறார். எழுத்தில் நீங்கள் கையெழுத்திட்டு, அவருக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு ரத்துச் செய்யும் வரைக்கும் அது செல்லும். சரி, மற்ற மூன்றும்? சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கும் சத்தியக்கடதாசியா? எதிராளியோடு சமாதானமாகப் போக ஒத்துக்கொண்ட கடிதமா? உங்களுக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தத் தாள்களில் காணி உறுதி எழுத முடியாது என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். சட்டப்படி சரிதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றும் உறுதியில், உறுதி எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால், எல்லாரும் ஒரே நேரத்தில் கூடியிருக்கத்தான் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் சட்டத்தரணியாக இருப்பவரே பெரும்பாலும் நொத்தாரிசாகவும் இருப்பார். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கத் துணிந்த ஒருவர் சாட்சிகளைத் தேடவா கஷ்டப்படுவார்? இது நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று உங்களால் சொல்ல முடியவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். மட்டக்களப்புக் காணிப் பதிவகத்துக்குப் போய், அம்மா தந்த உறுதியைக் காட்டி, அந்தக் காணியின் பதிவேட்டில் கடைசியாக என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அண்ணாவை அனுப்ப வேண்டாம். நீங்களே போங்கள்.

அண்ணாவைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. ஒருவேளை அவரையும் லோயர் நாலு வருடமாக, "அடுத்த தவணையில் முடிஞ்சிடும்" என்றே கடத்தியிருக்கலாம். வெட்கத்தில்தான் பேசாமல் இருக்கச் சொல்கிறாரோ என்னவோ. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நம் பகுதியில் தாய்மார் வீட்டையும் வயலையும் ஏன் மகள் பேரில் எழுதினார்கள்? நாளைக்கு அவள் புருஷன் கையையோ அண்ணன் கையையோ பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றுதான். அம்மா உங்கள் பேரில் எழுதினார், நீங்கள் கொண்டுபோய் அண்ணா கையில் கொடுத்துவிட்டீர்கள். கோட்டுக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பது சகோதரனின் கடமை. அவளை வீட்டில் இருத்திவிட்டு அவளுக்குப் பதிலாகத் தானே போய்வருவது கடமை இல்லை, அதைப் பாசம் என்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லோயரிடம் வருகிறேன். வழக்குத் தோற்றதற்காக எந்தச் சட்டத்தரணியையும் குற்றம் சொல்ல முடியாது. கெட்டிக்காரர்களும் தோற்பார்கள். ஆனால் விளக்கத்துக்குப் போகாமல் இருப்பது, தள்ளுபடியானதைக் கட்சிக்காரருக்கு மறைப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது எல்லாம் வேறு கதை. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்படி வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காக ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயரையே நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியோடு கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் எழுதலாம், ஆனால் பெயரை நீக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான்.

அங்கே அவர் முதலில் என்ன சொல்வார் தெரியுமா? "இந்த அம்மாவை நான் கண்டதே இல்லை. அண்ணன்தான் வந்தார், அண்ணன் சொன்னபடி செய்தேன், அவருக்கு எல்லாம் அறிவித்தேன்." நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பற்றுச்சீட்டு இருக்கிறதா? ஒரு கடிதமாவது, ஒரு வாட்ஸப் செய்தியாவது? அண்ணாவின் போனில் இருப்பதை எல்லாம் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. முறைப்பாட்டில் நீங்கள் வென்றாலும் வரம்பு பழைய இடத்துக்கு வராது. அவருடைய தொழில் போகும், அவ்வளவுதான். கொடுத்த காசுக்கும் நட்டத்துக்கும் தனி வழக்குப் போட வேண்டும். வயல் வேண்டுமென்றால் தள்ளுபடிக் கட்டளையை நீக்கக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் போட வேண்டும். அதே காரணத்துக்குப் புது வழக்கு எடுபடாது. இந்த மனுவை நியாயமான காலத்துக்குள் போட வேண்டும் என்பதுதான் விதி. எப்போது தெரியவந்தது என்று நீதிபதி கேட்பார். அந்தப் பெண் சந்தையில் சொன்ன நாள் எது, பக்கத்தில் யார் நின்றார்கள்? மறக்குமுன் எழுதி வையுங்கள். அப்படித் தெரிந்த பிறகும் ஒரு மாதம் அண்ணாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்! எதிராளி 10 வருடம் தடையில்லாமல் எதிருரிமையாக, அதாவது உங்கள் உரிமையை ஏற்காமல் தன்னுடையதென்று ஆண்டுவிட்டால் ஆட்சியுரிமை என்று சொல்லிக்கொண்டு வருவார், அதையும் மனதில் வையுங்கள்.

ஆகவே முதல் வேலை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம். வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு தவணையிலும் யார் வந்தார், யார் வரவில்லை, எந்தத் தாள் வழக்குக் கோவையில் சேர்ந்தது என்று அதில் நாள் வாரியாக இருக்கும். உங்கள் கையெழுத்தோடு என்னென்ன கிடக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். பிறகு பழைய பிறொக்சியை ரத்துச் செய்து வேறு சட்டத்தரணியைப் பிடியுங்கள். கூடத் தொழில் செய்கிறவருக்கு எதிராக வர உள்ளூரில் சிலர் தயங்குவார்கள். கல்முனைப் பக்கம் கேளுங்கள். கையில் காசில்லாவிட்டால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. புதியவர் வெற்றுத் தாளை நீட்டினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இன்று இரவே அண்ணாவிடம் கேளுங்கள்: நாலு தாளையும் யார் கையில் கொடுத்தீர்கள், என்ன எழுதப் போவதாகச் சொன்னார்கள்? கோபித்தால் கோபிக்கட்டும். வழக்கேட்டுப் பிரதி கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டுக்கான சத்தியக்கடதாசியில் என்னென்ன வர வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.