பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தினால் டயர் சீக்கிரம் தேயுமா?

கொஞ்சம் உயர்த்தி, அலைன்மென்ட்டும் (சக்கரம் நிக்கிற கோணங்களைச் சரி பண்றது) பார்த்துட்டா பெரிசா தேயாது. அளவு மீறினாலோ, அலைன்மென்ட் பார்க்காம ஓட்டினாலோ கண்டிப்பா தேயும்.

முன்பக்கத்தை உயர்த்த, டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கா வேலை செய்யுற இரும்புக் கம்பி) போல்ட்டை ரெண்டு முறுக்கு முறுக்கினா போதும்னு உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பாங்க. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓடுற வண்டிக்காரங்க இதைத்தான் சொல்லுவாங்க. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கின பிக்கப்பும் அப்படி முறுக்கின வண்டிதான். முன் டயர் ரெண்டும் வெளி ஓரம் மொட்டை, உள் பக்கம் டயர் பட்டன் தேயாம அப்படியே இருந்தது. டயர் கடையில டயர் கம்பெனியைக் குறை சொல்லி புது டயர் விக்கப் பார்த்தாங்க. தக்கலையில ஒரு வயசான மேஸ்திரிதான் அடியில குனிஞ்சு பார்த்துட்டு, "மக்கா, மேல் ஆர்ம் ஸ்டாப்பர் ரப்பர்ல முட்டி நிக்குது பாரு"ன்னு காட்டினார். ஆர்ம்ங்கிறது சக்கரத்தை வண்டியோட பிடிச்சிருக்கிற கை, அது அளவு மீறி இறங்காம தடுக்கிறதுதான் அந்த ரப்பர்.

போல்ட்டை முறுக்கினா பார் பலமாகாது, ஆர்ம் நிக்கிற கோணம்தான் மாறும். சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயும் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவு, மாறும், ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற பால் ஜாயின்ட் எப்பவும் சரிஞ்சே வேலை செய்யும். குழியில சக்கரம் கீழே இறங்க இடமில்லாம டக்குன்னு அடிக்கும். ஃபோர் வீல் டிரைவ்னா முன் ஆக்சில் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையும் கிழியும். மேஸ்திரி உயரத்தை இறக்கி, பால் ஜாயின்ட் மாத்தி, கேம்பரும் டோவும் சரி பண்ணினார். இப்ப டயர் ஒரே சீராத் தேயுது.

ஜீப்பைத் தூக்கி ஓட்டுறவங்க என்கிட்ட சண்டைக்கு வர வேண்டாம். லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை வில்), முன் சக்கரம் ரெண்டையும் சேர்க்கிற ஒரே ஆக்சிலும் உள்ள வண்டியில உயரத்தால கேம்பர் மாறாது, அங்க ஸ்டியரிங் ராடு கோணம்தான் பார்க்கணும். நான் சொல்றது டார்ஷன் பார் வண்டிக்கு மட்டும்.

ரோடு ஒழுங்கா இருந்தா யாருங்க வண்டியைத் தூக்கப் போறா? குழாய் போடத் தோண்டினாங்க, மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு மேல கேரளாவுக்குக் கல்லு ஏத்திட்டுப் போற டிப்பர் ராத்திரி பகலா ஓடுது. ரோடு வரி மட்டும் ஒரு நாள் தவறினா விடுறாங்களா?

உயர்த்தியே ஆகணும்னா, முதல்ல சக்கரத்தின் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல உள்ள தகடு) விளிம்பு வரை ரெண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்க. போல்ட்டைத் தொடும் முன்னாடி ஜாக்கி வச்சு பாரத்தை எடுத்துடுங்க.