காசு குடுத்துட்டா சமையல் பொறுப்பு தீர்ந்துடுமா? சேர்ந்து வாழுற இடத்துல வேலைய பிரிக்கிறது எப்படி

கேள்வி: ஜோஹானஸ்பர்க் பக்கம் மல்டர்ஸ்ட்ரிஃப்ட்ல ஒரு ப்ளாட் (வீட்டோட சேர்ந்த நிலம்) வாடகைக்கு எடுத்து நாங்க அஞ்சு குடும்பம், பெரியவங்க மட்டும் பத்து பேர், ஒரே அடுப்படி வச்சு ஒண்ணா இருக்கோம். தோட்டம் இருக்கு, கோழி இருக்கு. ஆரம்பத்துல ‘முடிஞ்சவங்க முடிஞ்சத செய்வோம்’னு பேசிக்கிட்டோம், இப்ப சமையலும் பாத்திரமும் நாலு பொம்பளைங்க தலையில. ஐடி வேலை பாக்குற ரெண்டு பேர் ‘நேரமே இல்ல, மாசாமாசம் கூட காசு தந்துடறோம், ஆள் வச்சுக்கங்க’ன்றாங்க. ஒத்துக்கலாமா?

பதில்: ‘முடிஞ்சவங்க முடிஞ்சத’ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் இங்கதான் வந்து நிக்கும் சகோதரி, அதுக்கு யாரும் கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. சிங்க்ல பாத்திரம் குவிஞ்சு கிடந்தா ஒருத்தருக்கு மனசு உறுத்தும், இன்னொருத்தர் பாட்டுக்கு தண்ணி குடிச்சுட்டு டம்ளர அதுமேலயே வச்சுட்டு போயிடுவாரு, கடைசில யாருக்கு உறுத்துதோ அவங்க கைக்கே வேலை போய் சேரும். அதனால பிரிக்கிறதுக்கு முன்னாடி எண்ணுங்க. ஒரு நோட்டும் பேனாவும் அடுப்படில கட்டி தொங்க விட்டு, ஒரு வாரம் யார் என்ன செஞ்சாலும் எத்தன நிமிஷம்னு எழுதச் சொல்லுங்க. கேஸ் சிலிண்டர ஆட்டிப் பாத்து தீரப் போகுதுன்னு ஆர்டர் போடறது, ஜோஜோ டேங்க்ல (பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி) தண்ணி எவ்ளோ இருக்குன்னு தட்டிப் பாக்குறது, நாளைக்கு ஸ்கூல்ல சிவ்விஸ் டே, யூனிஃபார்ம் வேணாம்னு ஞாபகம் வச்சு துணி எடுத்து வைக்கிறது, இதுவும் எழுதணும். ‘இதெல்லாம் ஒரு வேலையா’ன்னு யாராவது கேப்பாங்க, ஆமா வேலைதான்னு சொல்லுங்க. நீங்க நாலு பேரும் களைச்சுப் போறது பாதி இதனாலதான்.

இதுல ரொம்ப நாள் அடிபட்டு வந்த இடம்னா அமெரிக்காவுல வர்ஜீனியால இருக்கற ட்வின் ஓக்ஸ், 1967ல ஆரம்பிச்சது, சுமார் நூறு பேர் சேர்ந்து வாழுற இடம். முதல்ல அங்க பிடிக்காத வேலைக்கு அதிக கிரெடிட் (வேலைக்கான புள்ளி), பிடிச்ச வேலைக்கு கம்மின்னு வச்சுப் பாத்தாங்க, அப்புறம் அத விட்டுட்டு ஒரு மணி நேரம்னா ஒரு கிரெடிட்னு ஆக்கிட்டாங்க, ட்ராக்டர் ஓட்டினாலும் சரி, குழந்தை பாத்துக்கிட்டாலும் சரி, டாய்லெட் கழுவினாலும் சரி. நீங்களும் அதையே எடுத்துக்கங்க. ஒரு பேச்சுக்கு வாரத்துக்கு மொத்தம் 110 மணி நேரம் வேலைன்னு நோட்டு சொன்னா, பத்து பேருக்கு ஆளுக்கு 11 மணி நேரம்.

உடனே அந்த ரெண்டு பேரும் ‘எங்க ஆபீஸ் நேரத்தையும் கணக்குல சேருங்க’ன்னு கேப்பாங்க பாருங்க, அங்க கவனமா இருக்கணும். ட்வின் ஓக்ஸ்ல சம்பாதிக்கிற வேலையும் கணக்குல வரும்தான், ஆனா அங்க வருமானம் முழுக்க பொதுவுக்கு போகுது. உங்க வீட்டுல அவங்கவங்க சம்பளம் அவங்கவங்க பேங்க்லதான விழுது? அப்ப ஆபீஸ் நேரம் அவங்க சொந்த நேரம், பொது நோட்டுல வராது.

இப்ப காசு. எல்லாத்துக்கும் வேணாம்னு சொல்ல மாட்டேன். புல் வெட்ட, கேட் மோட்டர் ரிப்பேர் பண்ண, போர் பம்ப் பாக்க ஆள் கூப்பிட்டு காசு குடுங்க. சமையல் முறைய, அதாவது அவங்கவங்க சமைக்க வேண்டிய நாள, மட்டும் விலைக்கு விக்காதீங்க. ஒருத்தர் காசு குடுத்து அடுப்படிய விட்டு வெளிய போயிட்டா அன்னைலேந்து அவர் அந்த வீட்டுல கெஸ்ட்தான், மிச்சப் பேர் அவருக்கு சமைச்சுப் போடறவங்க, அப்புறம் சேர்ந்து வாழுறோம்னு சொல்றதுல என்ன இருக்கு.

உங்க ஊர்ப் பக்கமே இதுக்கு ஒரு முன்மாதிரி இருக்கு. 1910ல நண்பர் கால்லன்பாக் குடுத்த 1100 ஏக்கர்ல காந்தி லாலி பக்கத்துல டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பிச்சப்ப வேலைக்காரங்களே கிடையாது. தமிழ்க் குடும்பங்க நிறைய இருந்த இடம். ஊத்து 500 கஜம் தள்ளி இருந்துச்சு, தண்ணிய காவடி கட்டித்தான் தூக்கிட்டு வரணும். மொரிஷியஸ்ல பிறந்த தம்பி நாயுடு, சத்தியாகிரகத்துல அவ்ளோ பெரிய தலைவர், பண்ணைல அவர் பொறுப்பு சுகாதாரமும் கடைச் சாமான் வாங்குறதும். வாத்தியார் செய்யாத வேலைய பிள்ளைங்கள செய்யச் சொல்லக் கூடாதுன்னும் ஒரு விதி. ஆனா ஒண்ணு, அங்கயும் அடுப்படி பொம்பளைங்க கைலதான் இருந்துச்சு, ஆம்பளைங்க ஒண்ணு ரெண்டு பேர் கூடமாட உதவி. அத மட்டும் நீங்க எடுத்துக்காதீங்க.

பத்து பேர அஞ்சு ஜோடியா பிரிங்க, புருஷன் பொண்டாட்டிய ஒரே ஜோடில போடாதீங்க, போட்டா அவரு வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டு ஃபோன எடுத்துக்குவாரு. திங்கள்லேந்து வெள்ளி வரை ஜோடிக்கு ஒரு நாள், சனி ஞாயிறு சுழற்சில. அன்னைக்கு பருப்பு ஊற வைக்கிறதுலேந்து ராத்திரி அடுப்பு துடைக்கிற வரை அந்த ஜோடி பொறுப்பு. சமைக்கத் தெரியாதவர் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல் பண்ணட்டும், சாப்பிடறவங்க குறை சொல்லக் கூடாது. வர முடியலன்னா குரூப்ல ‘சாரி’ போட்டா போதாது, மாத்து ஆள அவரே பிடிச்சுட்டு சொல்லணும். உடம்பு முடியாதவங்க, பிள்ளைத்தாச்சிங்களுக்கு மணி நேரத்த குறைங்க. நோட்டுக் கணக்கு பாக்குற பொறுப்பு ரெண்டு மாசத்துக்கு ஒருத்தர்னு மாறட்டும், அந்த நேரமும் கணக்குல சேரும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைக்கறதுன்னு முடிவு பண்ணா, அந்த அம்மாவுக்கு முதலாளி யாருன்னு ஒருத்தர் பேர்ல எழுத்துல இருக்கணும். மாசத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல வேலைன்னா யூஐஎஃப்ல (அரசாங்க வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பதிவு கட்டாயம், சம்பளத்துல அவங்க பங்கு 1 சதவீதம், உங்க பங்கு 1 சதவீதம். பத்து பேர் பத்து விதமா வேலை ஏவறது அவங்களுக்கு பெரிய கொடுமை, ஏவறது ஒருத்தர் வழியா மட்டும் நடக்கட்டும்.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன், பின்னாடி அந்த ப்ளாட்ட சேர்ந்து வாங்கற எண்ணம் இருந்தா, அது விவசாய நிலமான்னு முதல்ல பாருங்க. தென்னாப்பிரிக்காவோட 1970ம் வருஷத்து 70ம் நம்பர் சட்டப்படி அந்த மாதிரி நிலத்துல அமைச்சர் அனுமதி இல்லாம புதுசா பிரிபடாத பங்கு (நிலத்த பிரிக்காம பல பேர் பேர்ல பங்கு) போட்டு எழுத முடியாது. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கன்வேயன்சர (சொத்துப் பத்திரம் பாக்குற வக்கீல்) பாருங்க.

ரெண்டு மாசம் நோட்டு வச்சு ஓட்டியும் அந்த ரெண்டு பேர் முறைக்கு வரலன்னா சண்டை போடாதீங்க, அவங்க குடும்பம் தனி அடுப்பு வச்சுக்கட்டும், அவங்க வீட்டுப் பொம்பளைங்களோட முதல்லயே பேசிட்டு. தோட்டம், கேட், போர் செலவு, இதுல மட்டும் பங்காளிங்களா இருக்கட்டும். அப்படி ஆச்சுன்னா மளிகைக் கணக்க அந்த வாரமே பிரிச்சு எழுதிடுங்க, மாசக் கடைசி வரை இழுத்தா யார் அரிசிய யார் சாப்பிட்டாங்கன்ற பேச்சு வந்துடும்.